குதிகால் முனிராஜ்

ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிறார் முனிராஜ். காலை ஏழு மணிக்கு ஓசூர் பேருந்து வந்து நின்றதும், மாரண்டஹள்ளி பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களின் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கிறார். கடைசிப் படியில் நின்று இடுப்பில் கை வைப்பவர் யார், ஒரு பக்கச் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு வருபவர் யார், பத்து எட்டு வைத்துவிட்டு எதையோ தேடுவது போல நின்றுவிடுபவர் யார் என்று அவர் கண் ஓடுகிறது. கையில் சர்க்கரை போடாத டீ. பாதி டீயிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைகிறார்.

"ஏங்க, ஒரு நிமிசம். குதிகால ஊனி நாலு எட்டு வைங்க பாக்கலாம்."

சிலர் திகைத்துப்போய் நடந்து காட்டிவிடுகிறார்கள். சிலர் முறைத்துவிட்டுப் போகிறார்கள். நடந்து காட்டியவரின் முன்பாதம் மேலே எழும்புகிறதா, இரண்டு பாதமும் ஒன்றுபோல் எழுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி கேட்கிறார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணுக்குப் போனா, போறது தெரியுதுங்களா?"

இந்தக் கேள்விக்காக அவர் ஒருமுறை அறை வாங்கியிருக்கிறார். பஞ்சப்பள்ளியிலிருந்து வந்த ஒருவரின் மனைவியிடம் நட்டநடுத் தெருவில் கேட்டுவிட்டார். கணவர் சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஓங்கி ஒன்று வைத்தார். "அவரு அடிச்சது சரிதாங்க. பொம்பளையாளுகிட்ட ரோட்டுல நின்னு கேக்கற கேள்வியா அது? ஆனா கேக்காம வுட்டுட்டா என்னா பண்றது, சொல்லுங்க" என்கிறார் முனிராஜ், கன்னத்தைத் தடவாமல். அதன் பிறகு பெண்களிடம் கேட்கும் பொறுப்பு டீக்கடை தங்கம்மாளிடம் போய்விட்டது. முனிராஜ் கண்ணால் காட்டுவார். தங்கம்மாள் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு அந்தப் பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார். "நான் டீ விக்கறனா, டாக்டருக்குப் படிக்கறனான்னு எனக்கே தெரியலீங்க" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் கேட்காமல் விட்டதில்லை.

முனிராஜுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒல்லியான உடம்பு, காக்கிக் கால்சட்டை, மேல் பொத்தான் வரை போட்ட சட்டை. சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து தக்காளி, பீன்ஸ், முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்கும் ராயக்கோட்டைக்கும் போய்வருவது தொழில். மற்ற வண்டிகளில் பாட்டு அலறும். இவர் வண்டியில் பாட்டு இல்லை. எஞ்சின் சத்தம் மாறினால் தெரியாமல் போய்விடும் என்பார். எதிரில் வரும் வண்டிக்கு வழிவிட்டால், வழி வாங்கியவர் கும்பிடுகிறாரா என்று கண்ணாடியில் பார்ப்பார். கும்பிடாவிட்டால், "போவட்டும், அவசரமா இருக்கும்" என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்வார். பெங்களூர் சவாரிக்கு மட்டும் எத்தனை பேர் கூப்பிட்டாலும் போவதில்லை.

மண்டியில் சுமை தூக்குகிறவர்கள் அவரைக் கண்டால் நெளிவார்கள். யாராவது இடுப்பை வளைத்துத் தக்காளிப் பெட்டியைத் தூக்கினால் போதும், வண்டிக்குள்ளிருந்தே கத்துவார். "முட்டிய மடக்குடா, முதுக மடக்காத!" கேட்காதவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பழுத்த தக்காளியை வைத்து, மேலிருக்கும் பெட்டியை ஒரு பக்கமாக அழுத்திக் காட்டுவார். தக்காளியின் தோல் கிழிந்து சதை பின்பக்கமாகப் பிதுங்கும். "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு இதுதான். பிதுங்கி நரம்புமேல போய் ஒக்காந்துக்கும். அப்பறம் கால்ல கரண்ட் அடிக்குது, கரண்ட் அடிக்குதுன்னு நீ கத்துவ." இதைச் சொல்லிவிட்டு நசுங்கிய தக்காளியைத் தானே தின்றுவிடுவார்.

ஊரில் அவருக்குக் குதிகால் முனிராஜ் என்று பெயர். காதுபடவே சொல்கிறார்கள்.

ஐந்து வருடங்களில் அவர் பேச்சைக் கேட்டு மருத்துவரிடம் போனவர்கள் முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேசன் தேவைப்படவில்லை. மாத்திரை, ஓய்வு, உடற்பயிற்சியோடு சரியாகிவிட்டது. அதில்தான் முனிராஜுக்குச் சந்தோஷம். "பத்துல ஒம்பது பேருக்குக் கத்தியே வேணாங்க. அந்தப் பத்தாவது ஆளு யாருன்னு தெரிஞ்சிக்கத்தான் போகணும்" என்பார். நாலைந்து பேருக்குச் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேசன் நடந்தது. அவர்களில் ஒருவருக்கு எட்டே மாதத்தில் அதே இடத்தில் ஜவ்வு மறுபடி பிதுங்கிவிட, அவர் மண்டிக்கே வந்து முனிராஜின் சட்டையைப் பிடித்தார். முனிராஜ் தடுக்கவில்லை. சட்டையை விட்ட பிறகு, "வண்டியில ஏறுங்கண்ணா, மறுக்கா போய்க் காட்டலாம்" என்றார். அவரும் ஏறினார்.

நான் மாரண்டஹள்ளி அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறேன். கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து இரண்டு வருடங்களாக எனக்கு இடுப்பு வலி. இடுப்பிலிருந்து இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை ஒரு கம்பி இழுப்பது போல இருக்கும். தைலம், பெல்ட், வெந்நீர் ஒத்தடம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேருந்திலிருந்து இறங்கியபோது என்னையும் அவர் பிடித்துக்கொண்டார். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது எனக்கும் கோபம்தான் வந்தது. "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றேன்.

"எனக்கு எதுக்கும் இல்லீங்க சார். அது மட்டும் தெரியாமப் போச்சுன்னா அன்னிக்கே போயிருங்க. மறுநா வரைக்கும் வெச்சிக்காதீங்க" என்றார். அதோடு விட்டுவிட்டார். ஆனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் நான் இறங்கும் பேருந்துக்கு எதிரில் வந்து நின்றார். பேசவில்லை. என் காலைப் பார்த்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் நானே கூப்பிட்டு, எந்த மருத்துவர் என்று கேட்டேன்.

சேலத்துக்கு அவர் வண்டியிலேயே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பேருந்தில் போனால் பள்ளத்தில் தூக்கிப் போடுமாம். எனக்காக இருக்கையில் ஒரு மடித்த கம்பளி. தொப்பூர் இறக்கத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான், யாரும் கேட்காமலேயே, தன் மனைவி ராமக்காளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ராமக்காள் மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை செய்தவர். நாளெல்லாம் குனிந்தும் தூக்கியும் செய்கிற வேலை. ஆறு வருடங்களுக்கு முன் இடுப்பில் பிடித்த வலி காலுக்கு இறங்கியது. எட்டு மாதம் மாத்திரையில் ஓடியது. தர்மபுரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சேலத்தில் முதுகெலும்பு மருத்துவர் மாதவராஜைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, ஜவ்வு பிதுங்கியிருக்கும் இடத்தைக் காட்டினார். முதுகைத் திறக்கத் தேவையில்லை, பேனா பருமனில் ஒரு குழாயைச் செருகி, அதன் வழியாகக் கேமராவை விட்டு, பிதுங்கிய துண்டை மட்டும் கிள்ளி எடுத்துவிடலாம், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வோம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க சார். பேனா மொத்தத்துல ஓட்டயப் போட்டு முதுகுக்குள்ளாற படம் பாப்பாங்களாம். ஆள் முழிச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டே இருப்பாங்களாம். யாருக்குக் காது குத்தறாங்கன்னு நெனைச்சன்."

அவர் சிரித்ததற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. பெரியப்பா மகன் கருப்பண்ணனுக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு முன் எங்கோ முதுகில் ஆபரேசன் நடந்தது. ஒரு சாண் நீளத் தையல். வீட்டுக்கு வந்தவர் எழுந்து நடக்கவே இல்லை. மூன்று வருடம் கிடந்துதான் இறந்தார். அந்த மூன்று வருடமும் அவரைத் தூக்கி வெயிலில் கிடத்தி, புண்ணைக் கழுவி, மறுபடி உள்ளே தூக்கி வந்தவர் முனிராஜ்தான்.

"அவருக்கு என்னா நோவுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. கட்டியா, டிபியா, ஒண்ணும் தெரியாது. பின்னால டாக்டரு கேட்டாரு, 'அதையும் இதையும் ஏன் ஒண்ணா வெச்சுப் பாத்தீங்க'ன்னு. எனக்கு முதுகுன்னா கருப்பண்ணன்தாங்க தெரிஞ்சாரு."

ஆகவே முனிராஜ் வேண்டாம் என்றார். ராமக்காள் பண்ணிக்கொள்ளலாம் என்றார். சேலத்தில் மருத்துவர் அறைக்கு வெளியில் ஒருமுறை, திரும்பி வரும் வழியில் ஒருமுறை, வீட்டில் சோறு போட்டுக்கொண்டே ஒருமுறை. "எனக்கு பயமில்லீங்க. வலிதான் தாங்கல. பண்ணிக்கறன்" என்றாராம். முனிராஜ் மூன்று முறையும் பதில் சொல்லாமல், ஒரு நாட்டு வைத்தியக் கட்டுக்காரரிடம் அழைத்துப் போய் எண்ணெய் போட்டு உருவிவிடச் செய்தார். வலி கொஞ்சம் குறைந்தது. முனிராஜுக்குத் தன் முடிவு சரி என்று தோன்றிவிட்டது.

அதற்கு ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ராமக்காள் சொன்னார்: உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது, நேற்று இரவிலிருந்து சிறுநீர் முட்டுகிறது, வரமாட்டேன் என்கிறது. மருத்துவர் கொடுத்தனுப்பிய தாளில் இதே சங்கதி எழுதியிருந்தது. இப்படி ஆனால் அன்றே வரவேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. ராமக்காள் அந்தத் தாளை எடுத்து வந்து கணவரிடம் நீட்டினார்.

அந்த வாரம் தக்காளிக்கு ஏகப்பட்ட கிராக்கி. தோட்டம் தோட்டமாகப் பறித்துப் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். முனிராஜின் கைபேசி நிற்காமல் அடித்தது. எல்லாம் பெங்களூர் லோடு.

"'டாக்டருங்க பயமுறுத்தத்தான் எழுதுவாங்க. ஞாயித்துக்கெழம வந்ததும் போலாம்'னு சொல்லிட்டுப் போனன் சார். ரெண்டு நட அடிச்சன். நடுவுல ரெண்டு தடவ போன் பண்ணா. எறக்கற எடத்துல வண்டி வரிசையா நிக்குது. 'தோ வந்துட்டன், தோ வந்துட்டன்'ன்னன். என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல."

ஞாயிறு மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது ராமக்காள் சுவரோரம் படுத்திருந்தார். அடிவயிறு கல்லாக வீங்கியிருந்தது. இடது பாதம் துணி தொங்குவது போலத் தொங்கியது. இதே வண்டியில், பெட்டிகள் இருந்த இடத்தில் மெத்தையை விரித்து அவரைக் கிடத்தி, இதே இறக்கத்தில் இறங்கினார்கள். மாதவராஜ் அன்றே ஆபரேசன் செய்தார். ஆனால் அந்தப் பேனா மொத்தத் துளை இப்போது போதாது என்றார். பிதுங்கியது முழுதும் உடைந்து நரம்புக் கொத்தையே நெரித்துக்கொண்டிருந்தது. எலும்பைத் திறந்துதான் எடுக்கவேண்டியிருந்தது.

"எந்தக் கத்திக்கு பயந்தனோ அதே கத்திங்க. பதினாறு தையல்" என்றார் முனிராஜ். தொப்பூர் இறக்கம் முடிந்து சமவெளி வந்திருந்தது. அவர் வேகம் கூட்டவில்லை. "'வெள்ளிக்கெழமையே வந்திருந்தா?'ன்னு டாக்டர கேட்டன். 'இப்ப அதப் பேச வேணாம்'னாரு. திட்டியிருந்தா தேவலாம்."

ராமக்காளுக்கு வலி போய்விட்டது. நடக்கிறார். ஆனால் இடது பாதம் எழும்பவில்லை. செருப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டால்தான் விரல் தரையில் இடறாது. சிறுநீர் தானாக வருவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தானே செருகி வெளியேற்றிக்கொள்ள வேண்டும். செவிலியர் கற்றுக்கொடுத்தது. ஐந்து வருடமாக இதுதான் நடக்கிறது.

மாதவராஜிடம் என் ஆபரேசனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு திரும்பிய மறுநாள், நன்றி சொல்லும் சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராமக்காள் வாசலில் பலகை மேல் காலை நீட்டி உட்கார்ந்து சாமந்தி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பூவைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, மாலையில் சரமாக வாங்கிப் போவாராம். நாற்பத்து நாலு வயது, அகலமான முகம், உரத்த குரல். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் இவரோட புதுப் பேசண்ட்டா?" என்று சிரித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கைபேசியில் நான்கு மணி நேர அலாரம் அடித்தது. "பெல் அடிச்சிருச்சுங்க, ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துர்றன்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அது அவர்களுக்குள் வழக்கமான கேலி போலிருக்கிறது. முனிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ராமக்காள் உள்ளே போய்த் திரும்பும்வரை பூக்கூடையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ராமக்காள் திரும்பி வந்ததும், எனக்குக் காபி போடப் பால் வாங்கிவரப் பாத்திரத்தோடு கணவரைக் கடைக்கு அனுப்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுப் பேசினார்.

"இவரு ஊர்ல இருக்கறவங்க காலையெல்லாம் பாத்துக்கிட்டுத் திரியறாரு. நல்லதுதான், வேணாங்கல. நாலு பேரு பொழைச்சாங்க. ராத்திரி பகல்னு தன்னத்தானே திட்டிக்கறாரு, அதக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் சலிச்சுப் போச்சு."

"உங்களுக்கு அவர்மேல கோபம் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவர் சரத்தில் ஒரு கண்ணி போட்டு இறுக்கினார். "வேணான்னு சொன்னது பயத்துல சொன்னாரு. கருப்பண்ண மாமனுக்கு இவரு பண்ணத நானே பாத்திருக்கறன். அதுல கோவமில்ல. லோடுக்குப் போனாரு, அதுகூட வுடுங்க, பொழப்பு. நான் மூணு தடவ கேட்டங்க. முதுகு என்னுதுதான? 'உனக்கு என்னா தோணுது ராமக்கா'ன்னு ஒரு தடவ கேட்டாரா? இன்னி வரைக்கும் அத மட்டும் கேக்கலீங்க. ஊர்ல இருக்கறவன ஒண்ணுக்குப் போனியான்னு கேக்கறாரு."

முனிராஜ் பாலோடு வருவது தெரிந்தது. ராமக்காள் பேச்சைச் சாமந்தி விளைச்சலுக்கு மாற்றிவிட்டார்.

என் ஆபரேசன் ஒரு புதன்கிழமை காலை நடந்தது. முனிராஜ் அன்று லோடு எடுக்கவில்லை. என்னைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பக்கவாட்டில் மரப்பு ஊசி போட்டார்கள். உள்ளே ஏதோ அழுத்துவது தெரிந்தது, வலி இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டது. தலையைத் திருப்பினால் திரை தெரியும்படி வைத்திருந்தார்கள். என் முதுகுக்குள் இருப்பதை நானே பார்த்தேன். தண்ணீருக்கடியில் பஞ்சு அலைவது போல ஏதேதோ மிதந்தது. ஒரு சின்ன இடுக்கி வந்து வந்து போனது. "இப்ப கால்ல எங்கியாவது சுருக்குனு இருக்கா?" என்று மாதவராஜ் கேட்டார். இருக்கிறது என்றேன். "நரம்பு பக்கத்துல இருக்கோம், அப்படியே இருங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் திரையின் நடுவே வெள்ளையாக, ஈரமாக ஒன்று தெரிந்தது. அதுதான் என்னை இரண்டு வருடம் கத்தவைத்த நரம்பாம். அது மெல்லத் துடித்தது. கம்பி இழுப்பது போன்ற அந்த வலி, விளக்கை அணைத்தது போல, காலிலிருந்து போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. குப்புறப் படுத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மதியம் எழுந்து நடக்கச் சொன்னார்கள். நடைக்கூடத்தில் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினேன். முனிராஜ் பக்கத்தில் நடந்தார், தொடாமல், ஆனால் விழுந்தால் தாங்கும் தூரத்தில். செவிலியர் ஒரு சிறு புட்டியைக் கொண்டுவந்து காட்டினார். என்னிடமிருந்து எடுத்தது. வெந்த காளான் துண்டுகள் போல, எல்லாம் சேர்ந்து ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். முனிராஜ் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத்தனூண்டா?" என்றார்.

செவிலியர் புட்டியைத் திருப்பிக் கேட்கும்வரை அவர் கொடுக்கவில்லை. பிறகு என் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். இடுப்பில் ஒரு சின்னப் பிளாஸ்திரி. அதை அவர் தொடவில்லை. "ஒரு தையலா, ரெண்டா?" என்று கேட்டார். ஒன்று என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, வண்டிக்கு டீசல் போட்டு வருகிறேன் என்று போனவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தார். முகம் கழுவியிருந்தார். டீசல் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்குப் போக அனுமதி வாங்க மாதவராஜின் அறைக்குப் போனோம். ஆறு வாரம் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "ராமக்காம்மா எப்படி இருக்காங்க முனிராஜ்?" என்று கேட்டார்.

"இருக்கறாங்க டாக்டர்."

"பாதம் அப்படியேதான் இருக்கா?"

"அப்பிடியேதாங்க."

மாதவராஜ் பேனாவை மூடினார். "அஞ்சு வருஷம் ஆச்சு. அந்த நரம்பு இனி வராது. ஆனா பாதத்துக்கு வேற ஒண்ணு பண்ணலாம். கால் உள்பக்கத்துல நல்லா வேலை செய்யற ஒரு தசைநார எடுத்து, பாதத்தத் தூக்கற எடத்துல மாத்தி வைக்கறது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இங்கதான் பண்றாரு. பட்டை இல்லாம நடக்க வாய்ப்பு இருக்கு. கண்டிப்பா ஆகும்னு சொல்லமாட்டேன். ஆறு வாரம் கட்டு, அதுக்கப்புறம் பல மாசம் பயிற்சி. சிறுநீர்ப் பிரச்சினை இதுல மாறாது, அதையும் சொல்லிடறேன். என்ன சொல்றீங்க, பண்ணிடலாமா?"

முனிராஜின் வாய் திறந்தது. சரி என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். கண்ணில் அது தெரிந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பிறகு வாயை மூடிக்கொண்டார். மேசை மேலிருந்த என் ஸ்கேன் உறையின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாருடைய பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முனிராஜ் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து எண்ணைத் தட்டினார். மறுமுனையில் ராமக்காளின் உரத்த குரல் எனக்கே கேட்டது: "என்னா, கெளம்பிட்டீங்களா?"

"ராமக்கா, டாக்டரு உன்கிட்ட ஒண்ணு சொல்றாராம். காலுக்கு. நீ நல்லாக் கேட்டுக்க. கேக்கறதெல்லாம் கேளு. உனக்கு என்னா தோணுதோ அத அவருகிட்டயே சொல்லு. எங்கிட்ட சொல்ல வேணாம்."

கைபேசியை இரண்டு கைகளாலும் மருத்துவரிடம் நீட்டினார் முனிராஜ். அவர் வாங்கி, "அம்மா, சொல்லுங்க" என்றதும் முனிராஜ் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி வைத்தார். என்னையும் வரும்படி சைகை காட்டினார். இருவரும் வெளியே வந்தோம். உள்ளே மாதவராஜ் எதையோ விளக்கத் தொடங்கியிருந்தார். முனிராஜ் கைப்பிடியைப் பிடித்து, கதவை வெளியிலிருந்து மெல்ல இழுத்துச் சாத்தினார்.